தாளமா, சொல்லா? ஹிப்ஹாப் குழுக்களின் ஆல்பங்களை முன்வைத்து

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘ஃபென்டாஸ்டிக், வால்யூம் 2’ என்ற ஆல்பம் அமெரிக்காவில் வெளிவந்தது. டெட்ராய்ட் நகரத்து ஸ்லம் வில்லேஜ் குழுவின் ஆல்பம் அது. குழுவில் மூன்று பேர்: ஜே டில்லா, டி3, பாத்தீன். மூவருமே ராப் பாடினார்கள்; இசையைக் கட்டியவர் டில்லா. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: இசை அபாரம், வரிகளில் கனமில்லை.

இதற்கு நேர் எதிரான தீர்ப்பையும் ஹிப்ஹாப் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கலாம்: எழுத்து கூர்மை, பீட் மந்தம். இசையை ஒரு தட்டிலும் சொல்லை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும் ஒரு தராசு எல்லோர் மனத்திலும் தொங்குகிறது. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நம் திரையிசையில் நடக்கும் வழக்குக்கு இது உறவுமுறைதான். ஆனால் திரைப்பாட்டில் தாளத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் மெட்டு நின்று சமாதானம் செய்துவைக்கிறது. ராப்பில் பெரும்பாலும் மெட்டு இல்லை. தாளமும் பேச்சும் நேருக்கு நேர் நிற்கின்றன. அதனால் வழக்கு இன்னும் கடுமையாகிறது.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். தயாரிப்பாளர் என்றால் நமக்குப் பணம் போடுகிறவர் நினைவுக்கு வருவார். ஹிப்ஹாப்பில் புரொட்யூசர் என்பவர் பீட் கட்டுகிறவர். பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டெடுத்து, டிரம் அடுக்கி, ஒரு பாட்டின் உடலை உருவாக்குகிறவர். தனி ராப் கலைஞர் பத்துப் பேரிடம் பீட் வாங்கி ஓர் ஆல்பத்தை முடித்துவிடலாம். குழுவில் அப்படி இல்லை. பீட் கட்டுகிறவரும் பாடுகிறவரும் ஒரே வீட்டார். அவர்களுக்குள் இருக்கும் உறவு ஆல்பத்தில் பதிவாகிறது. தாளத்துக்கும் சொல்லுக்குமான உறவை ஆராய அதனால்தான் குழுக்களின் ஆல்பங்களை எடுத்துக்கொண்டேன்.

பிறக்கும்போதே வந்த வழக்கு

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. நடத்தியவர் சிண்டி கேம்ப்பெல். இசைத்தட்டுகளை ஓட்டியவர் ஜமைக்காவில் பிறந்த அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஆடுகிறவர்களின் கால்கள் சூடுபிடிக்கின்றன என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, அந்தச் சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். அந்த மேடையில் டி.ஜே.தான் ராஜா. மைக் பிடித்தவர் கூட்டத்தை உசுப்பிவிடும் துணையாள்.

1979இல் நிலைமை தலைகீழானது. சுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டாக வந்து உலகெங்கும் ஓடியது. அதில் டி.ஜே.யே இல்லை. ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸ் ஒலியை ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் திரும்ப வாசித்தார்கள். அதன்மேல் மூன்று இளைஞர்கள் பேசினார்கள். மேடையில் டி.ஜே. இல்லாமல் விருந்தே கிடையாது. இசைத்தட்டிலோ அவர் இல்லாமலே வேலை முடிந்துவிட்டது.

1982இல் வந்த ‘தி மெசேஜ்’ இன்னும் தெளிவான சாட்சி. தட்டின்மேல் முதன்மையாக அச்சான பெயர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ். ஆனால் அந்தப் பாட்டில் ஃபிளாஷின் கை இல்லை. குழுவின் மெல்லி மெல்லும், டியூக் பூட்டி என்ற ஸ்டூடியோ கலைஞர் எட் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதிப் பாடியது அது. நகரத்து வறுமையை நேராகப் பேசியதால், ராப் வரிகளை இலக்கியமாகப் படிக்கலாம் என்ற எண்ணத்துக்கே வித்திட்டது. சொல் வென்றது, பெயரோ டி.ஜே.யுடையது.

இந்த வழக்குக்குக் கல்வி உலகிலும் இரு பக்கங்கள் உண்டு. ஆடம் பிராட்லியின் ‘புக் ஆஃப் ரைம்ஸ்’ (2009) ராப்பைக் கவிதையாக வாசிக்கிறது. அவரும் ஆண்ட்ரூ டுபாயும் தொகுத்த பெரும் ராப் தொகைநூலை 2010இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. மறுபக்கம், ஜோசஃப் ஷ்லாஸின் ‘மேக்கிங் பீட்ஸ்’ (2004) சாம்பிள் எடுத்து இசை கட்டுகிறவர்களின் கைத்திறனையும், அவர்களுக்குள் இருக்கும் எழுதாத தர்மங்களையும் ஆராய்கிறது. இவற்றுக்கு முன்பே டிரிஷா ரோஸ் ‘பிளாக் நாய்ஸ்’ (1994) நூலில் தொழில்நுட்பத்தையும் வாய்மொழி மரபையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தார். என் பார்வைக்கு ரோஸின் வழிதான் அணுக்கமானது. ஏன் என்பதை ஆல்பங்களே சொல்லட்டும்.

பத்து விநாடிக் கருவி

1987இல் ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற கருவி வந்தது. அதற்குள் மொத்தம் பத்து விநாடி ஒலியைத்தான் சேமிக்கலாம். அதுவும் 12-பிட் தரத்தில். இடத்தை மிச்சம் பிடிக்க, 33 சுற்று வேகத் தட்டை 45இல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். அப்போது ஒலியில் ஒரு மணல்தன்மை ஏறியது. அந்தக் காலத்து நியூயார்க் ஹிப்ஹாப்பின் கரகரப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இடப்பற்றாக்குறைக்கு இன்னொரு விளைவும் இருந்தது. இரண்டு அல்லது நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு தாளத்தட்டு) நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்பச் சுழல வேண்டியதாயிற்று. நிமிடத்துக்கு 90 தாளத்தட்டு வேகத்தில் 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் சுமார் 43 விநாடி நீளம். அவ்வளவு நேரமும் இசை ஏறக்குறைய ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் பாட்டில் நகர்வது எது? சொல்தான். சுருதி மாற்றம், திருப்பம், முத்தாய்ப்பு என்று வேறிடத்தில் மெட்டு செய்கிற வேலையை இங்கே எதுகையும் இயைபும் மூச்சும் நிறுத்தமும் செய்ய வேண்டும்.

எரிக் பி. அண்ட் ராகிம் இருவரின் ‘பெய்ட் இன் ஃபுல்’ (1987) இதற்கு நல்ல பாடம். ராகிம் சாக்ஸபோன் பழகியவர். வரிமுடிவில் மட்டும் இயைபு வைக்காமல் வரிக்குள்ளேயே ஒலிகளைப் பின்னினார். வாக்கியத்தைப் பாரின் எல்லை தாண்டி அடுத்ததற்குள் இழுத்துச் சென்றார். சுழலும் துண்டு அசையாமல் கிடந்ததால்தான் அந்த நகர்வு காதுக்குத் தெரிந்தது.

இரைச்சலும் இடைவெளியும்

பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பமான ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ இந்த இலக்கணத்தை உடைத்தது. ஹாங்க் ஷாக்லி, கீத் ஷாக்லி, எரிக் சாட்லர் ஆகியோருடன் சக் டியும் சேர்ந்த ‘பாம் ஸ்குவாட்’ கூட்டணி துண்டுமேல் துண்டாக அடுக்கியது. சைரன், கூச்சல், மேடைப்பேச்சு, சாக்ஸபோன் கீறல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. தராசுக்காரர் இங்கே இசை சொல்லை நசுக்கிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சக் டியின் குரல் ஆழமானது. பிரசங்கம் செய்யும் கட்டளைக் குரல். இரைச்சலைப் பிளந்துகொண்டு அது வந்தபோது, ஊரே எதிர்த்தாலும் பேசுவேன் என்ற பொருள் ஒலியிலேயே உருவானது. பக்கத்தில் ஃப்ளேவர் ஃப்ளேவின் மெல்லிய கீச்சுக்குரல் அந்தக் கனத்தைச் சமன்செய்தது. அந்த வரிகளை அமைதியான ஒரு பியானோவுக்கு மேல் வைத்தால் கருத்து இருக்கும், போராட்டம் இருக்காது.

இத்தகைய அடுக்குமுறையின் வீழ்ச்சிக்கு ரசனை மாற்றத்தைவிடச் சட்டம் பெரிய காரணம். டி லா சோல் குழுவின் ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ (1989) ஆல்பத்தில் அதன் புரொட்யூசர் பிரின்ஸ் பால் டஜன்கணக்கான துண்டுகளை ஒட்டினார். தங்கள் பாட்டுத் துண்டும் அதில் இருந்ததால் டர்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டார்கள். 1991இல், ராப் கலைஞர் பிஸ் மார்க்கியின் பாட்டில் பாடகர் கில்பர்ட் ஓ’சலிவனின் பாட்டுத் துண்டு அனுமதியின்றிப் பயன்பட்டது குறித்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே கண்டித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் விலை வந்தது. டி லா சோலின் பழைய ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்க 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்கு இந்தச் சிக்கல்களே முக்கியக் காரணம். குழுவின் ட்ருகாய் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். எவ்வளவு இசை, எவ்வளவு சொல் என்ற அளவைக் கலைஞர்கள் மட்டுமே தீர்மானிப்பதில்லை.

அதே 1991இல் எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் குழு எதிர்த்திசையில் நடந்தது. ‘தி லோ எண்ட் தியரி’ ஆல்பத்தில் அவர்கள் குறைத்தார்கள். பேஸ், டிரம், நடுவில் நிறையக் காற்று. ஒரு பாட்டில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே வந்து டபுள் பேஸ் வாசித்தார். அந்த வெளியில் க்யூ-டிப்பின் மூக்கொலியும் ஃபைஃப் டாக்கின் எடுப்பான உச்சரிப்பும் இரண்டு நண்பர்கள் திண்ணையில் பேசுவதுபோல மாறிமாறி வந்தன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். இசை விலகி நின்று கேட்டதால்தான் இந்த உரையாடல் நடந்தது. சிறிய பீட் என்று இதை யாரும் குறைசொல்ல முடியாது. எதை விட வேண்டும் என்று தெரிந்த பீட் அது.

ஒன்பது குரல், ஒரு கை

இந்த ஆய்வுக்கு மிகப் பொருத்தமான குழு வூ-டாங் கிளான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவை மையமாகக் கொண்ட ஒன்பது பேர். 1993 நவம்பர் 9 அன்று ‘என்டர் தி வூ-டாங் (36 சேம்பர்ஸ்)’ வெளிவந்தது. பீட் எல்லாம் பெரும்பாலும் ரிஸ்ஸா என்ற ஒருவரின் கையில். குங்ஃபூ படங்களின் வசனத் துண்டுகள், பழைய சோல் பாட்டுகளின் பியானோ, தூசி படிந்த டிரம். அவரே ராப்பும் பாடுவார். ஆனால் அவருடைய பெரிய வேலை வேறு. எந்தப் பீட்டில் யார் நிற்பது என்பதைப் போட்டிவைத்துத் தீர்மானித்தார். நன்றாக எழுதிவந்தவருக்குப் பாட்டு, மற்றவர் வெளியே.

போட்டியின் தடயங்களை ஆல்பத்திலேயே கேட்கலாம். ‘ப்ரொடெக்ட் யா நெக்’ பாட்டில் பல்லவி என்ற ஒன்றே கிடையாது. எட்டுப் பேர் வரிசையாக வந்து தங்கள் பங்கைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ‘க்ரீம்’ பாட்டில் சார்மெல்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த பியானோத் துண்டு சோகமாகச் சுற்றுகிறது. ரேக்வானும் இன்ஸ்பெக்டா டெக்கும் தங்கள் இளமையின் வறுமையைச் சொல்கிறார்கள். மெத்தட் மேனின் கரகரப்பு, ஓல் டர்ட்டி பாஸ்டர்டின் பாதிப் பாட்டு பாதி அலறல், ஜிஸ்ஸாவின் நிதானம் என்று ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ற நிழலை ரிஸ்ஸா விரித்தார். 2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் இந்த ஆல்பத்தையும் ‘தி லோ எண்ட் தியரி’யையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. ஒன்று நெரிசல், மற்றது வெளி. இரண்டிலும் பீட் கட்டியவர் குரல்களை அறிந்திருந்தார்.

1994 முதல் 1996 வரை மெத்தட் மேன், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், ரேக்வான், ஜிஸ்ஸா, கோஸ்ட்ஃபேஸ் ஆகிய உறுப்பினர்கள் ஐவரின் தனி ஆல்பங்களையும் ரிஸ்ஸாவே பெரும்பாலும் கட்டினார். 1997இல் வந்த ‘வூ-டாங் ஃபாரெவர்’ பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. பத்தாண்டு கழித்து, 2007 டிசம்பரில் ‘8 டயக்ராம்ஸ்’ வந்தபோது கதை மாறியிருந்தது. இடையில் ‘கோஸ்ட் டாக்’, ‘கில் பில்’ போன்ற படங்களுக்கு இசையமைத்திருந்த ரிஸ்ஸாவின் காது கிதாருக்கும் விரிந்த வாத்திய அமைப்புக்கும் பழகியிருந்தது. பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைத் தழுவிய பாட்டில் அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் மகன் தானி ஹாரிசன் கிதார் வாசித்தார். ரேக்வானும் கோஸ்ட்ஃபேஸும் இந்தப் போக்கு தங்களுக்கு ஒப்பவில்லை என்று பொதுவெளியிலேயே சொன்னார்கள். இது தெருவிலிருந்து வந்த தங்கள் கதைகளுக்கான இசை இல்லை என்பது அவர்கள் குறை.

அந்த ஆல்பத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இசையில் அழகு இருக்கிறது. வரிகளிலும் திறமை குறையவில்லை. தனித்தனியே மதிப்பெண் போட்டால் இரண்டும் தேறும். ஆனால் சேர்ந்து கேட்கும்போது, ஒரே வீட்டில் இருவேறு அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1993இல் ஒரே அறையில் போட்டியிட்டவர்கள் இப்போது தத்தம் தொழிலில் முதலாளிகள். எழுதியவருக்கும் கட்டியவருக்கும் நடுவில் இருந்த கேட்பு போய்விட்டது.

தள்ளாடும் தாளம்

இப்போது ஸ்லம் வில்லேஜுக்குத் திரும்பலாம். டில்லாவின் கருவி ஆக்காய் எம்பிசி 3000. அது ஒரு தாளத்தட்டை 96 நுண்பகுதிகளாகப் பிரிக்கும். விரல் பிசகினால் கருவியே திருத்தி ஒழுங்குபடுத்தும். அந்தத் திருத்தத்தை டில்லா தன் விருப்பத்துக்கு வளைத்தார். டிரம் ஒலிகளில் ஒரு ஸ்னேர் இம்மியளவு முந்தும். ஒரு கிக் சற்றே பிந்தும். மேலே ஹை-ஹாட் நேராக ஓடும். சீரான தாளமும் ஊஞ்சலாடும் தாளமும் ஒரே நேரத்தில் உரசும்போது பிறக்கும் இந்த நடையை டான் சார்னஸ் தன் 2022 நூலில் ‘டில்லா டைம்’ என்றே பெயரிட்டு விளக்கினார். டிரம் கலைஞர் க்வெஸ்ட்லவ் உள்ளிட்டோர் அந்தத் தள்ளாட்டத்தைக் கையால் வாசிக்கப் பாடுபட்டார்கள்.

இப்படிப்பட்ட தாளத்தின்மேல் ராகிமைப்போல அடர்த்தியாக எழுதினால் என்ன ஆகும்? தாளத்தின் நுட்பம் சொற்களுக்கு அடியில் புதைந்துவிடும். டி3யும் பாத்தீனும் குறைவாகச் சொன்னார்கள். ஒரே ஒலியைத் திருப்பித் திருப்பிச் சுண்டினார்கள்; அசையை நறுக்கினார்கள்; சில இடங்களில் வரி ஜதியாகவே மாறிவிடுகிறது. நட்டுவாங்கம் கேட்டுப் பழகிய நமக்கு இது புரியக் கடினமில்லை. ஜதிச்சொல்லில் அர்த்தம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது விழும் இடம்தான் அர்த்தம். அந்த வகையில் ‘வரிகளில் கனமில்லை’ என்ற தீர்ப்பு பாதி தவறு. அந்த வரிகள் காகிதத்துக்காக எழுதப்படவில்லை.

மறுபாதியை மறைக்கக் கூடாது. அந்த ஆல்பத்தில் பெண்களைப் பற்றி வரும் பேச்சில் பெரும்பகுதி மலினமானது. ஒலியாகக் கேளுங்கள் என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் ஜதியைப்போல அர்த்தமற்ற அசைகள் அல்ல அவை. ஒரு பெண் அதைக் கேட்கும்போது தாளம் மட்டுமா காதில் விழும்? சொல் தாளவாத்தியமாகலாம், சொல்லாக இருப்பதை அதனால் நிறுத்திவிட முடியாது. இந்த ஆல்பத்தின் மெய்யான குறை வரிகள் எளிமையாக இருப்பதில் இல்லை. இவ்வளவு நுண்மையாகக் கேட்ட காதுகள் தாங்கள் என்ன சொல்கிறோம் என்பதை அதே நுண்மையுடன் கேட்கவில்லை என்பதில் இருக்கிறது.

சொல் முந்தி, தாளம் பிந்தி

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலும் பீட் முதலில், சொல் பிறகு. எதிர்வரிசைக்குப் போகும் முன், பீட் இருக்கக் குரல் மாறிய ஓர் உதாரணம். எம்எஃப் டூம், மேட்லிப் இருவரும் சேர்ந்த ‘மேட்வில்லனி’ (2004) ஆல்பம் முடிவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. பிறகு டூம் தன் பகுதிகளைத் திரும்பப் பாடினார். இம்முறை குரலைத் தாழ்த்தி, நிதானமாக. மேட்லிப்பின் கலைந்த, சட்டென்று முடிந்துவிடும் இசைத் துண்டுகளுக்குள் அந்தச் சோம்பல் குரல் கச்சிதமாக உட்கார்ந்தது. மாறியது பெரும்பாலும் சொல்லும் விதம்தான். ஆல்பத்தின் முகமே மாறியது.

எதிர்வரிசையில் நடந்தது கேங் ஸ்டார் இருவரின் கதை; அது இன்னும் ஆழமானது. டிஜே ப்ரிமியர் பீட் கட்ட, குரு ஒரே சீரான, ஏற்றமிறக்கமற்ற குரலில் பேசுவார். குரு 2010இல் இறந்தார். 2019 நவம்பரில் ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் யெட்’ வெளிவந்தது. குரு விட்டுச்சென்ற குரல்பதிவுகளை எடுத்து, அவற்றுக்குப் புதிதாகப் பீட் கட்டினார் ப்ரிமியர். இந்த வரியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல் என்று கேட்க முடியாது. இங்கே இன்னும் நான்கு வரி வேண்டும் என்றாலும் கிடைக்காது. இருப்பதைக் கேட்டு, அந்த மூச்சு எங்கே விழுகிறதோ அங்கே டிரம்மைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பழைய ஆல்பங்களில் குரு ப்ரிமியரைக் கேட்டு எழுதினார். இதில் ப்ரிமியர் குருவைக் கேட்டுக் கட்டினார். இருவரில் ஒருவர் இல்லாமலே அது குழுவின் ஆல்பமாக இருக்கிறது.

எதை நிறுப்பது?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, பீட்டும் சொல்லும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இரண்டு பொருள்கள் அல்ல. துண்டு சுழலும் விதமே எத்தகைய சொல் அங்கே பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, ஆல்பத்தின் தரம் அளவில் இல்லை. பப்ளிக் எனிமியின் நெரிசலும் ட்ரைபின் வெளியும் ஒருசேர வென்றன. வென்றதற்குக் காரணம், அந்த இசை அந்தக் குரல்களுக்காகவே பிறந்தது. மூன்றாவது, சொல்லின் பொருளுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. எவ்வளவு நல்ல தாளமும் அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளாது.

ஆகவே ஒரு குழுவின் ஆல்பத்தை மதிப்பிடும்போது, எது பெரிது என்பதற்கு முன்னால், யார் யாரைக் கேட்டார்கள் என்று பார்ப்பதே முறை. கேட்கிறவர்களும் இதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒருமுறை சொல்லை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். அடுத்தமுறை குரலின் மூச்சை மட்டும். மூன்றாம் முறை, குரல் நிற்கும் இடங்களில் இசை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஆல்பங்களில் அந்த மௌனங்கள் காலியாக இருப்பதில்லை.

டில்லா 2006 பிப்ரவரி 10 அன்று, 32 வயதில் இறந்தார். அவருடைய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் கருவியைப் போற்றிப் பாதுகாப்பது நியாயமே. ஆனால் அதன் தள்ளாட்டத்துக்கு முதலில் காலடி பழகியவர்கள் அதே ஊரின் இரண்டு நண்பர்கள். அவர்களில் பாத்தீன் 2009இல் மறைந்தார். டெட்ராய்டின் ஓர் அறையில் மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்ததை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. அது அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது.